ஆறாம் நம்பர்

சின்னப் பிள்ளைகளிடம் ஷூ கடிக்கிறதா என்று கேட்கக் கூடாது. கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது காலுக்குச் சுகம் இல்லை, நடந்தால் குதிகாலில் விளக்கு எரிகிற அந்த ஜோடிதான். விரலெல்லாம் உள்ளே நண்டு மாதிரி சுருண்டு கிடந்தாலும், கடிக்கவே இல்லை என்று சத்தியம் பண்ணிவிட்டு, கடைவாசலைத் தாண்டியதும் நொண்டும். அதனால் கேட்கக் கூடாது. நிற்க வைக்க வேண்டும். உட்கார்ந்திருக்கிற கால் வேறு, உடம்பைத் தாங்குகிற கால் வேறு. நிற்க வைத்து, முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, விரல் நுனிக்கும் ஷூ நுனிக்கும் நடுவில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் சரி. இல்லையென்றால் பிள்ளை எவ்வளவு உருண்டு புரண்டு அழுதாலும் அடுத்த நம்பர்தான்.

செருப்புக்கடையின் குழந்தைகள் பிரிவில் அக்கா போட்டு வைத்திருந்த சட்டம் இது. முதலாளியிலிருந்து பெட்டி தூக்குகிறவர் வரை கடையில் எல்லோரும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள், நாமும் அப்படியே கூப்பிட்டுக்கொள்வோம். புகுந்த வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் அவ்வளவு மரியாதையானது இல்லை. அங்கே அவள் பெரியகாலு.

அந்தப் பெயரை வைத்தவள் நாத்தனார். கல்யாணமான முதல் வாரத்தில் வெளியே போய்விட்டு வந்தவள், வாசலில் கிடந்த அக்காவின் செருப்பைப் பார்த்துவிட்டு, "உள்ள யாரோ ஆம்பளை ஆளு வந்திருக்காங்க போல" என்று குரல் கொடுத்தாள். வீடே சிரித்தது. அக்காவும் சிரித்தாள், புதுப் பெண் வேறென்ன செய்வாள். பெண்கள் செருப்பில் அவள் காலுக்கு நம்பர் கிடையாது, ஆண்கள் பக்கம்தான் போய் வாங்க வேண்டும். அதற்காக அவள் கூனிக் குறுகி நடந்ததும் இல்லை. காலுக்கு ஏற்ற செருப்பைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கடையில் நின்றாள். அவள் காலில் ஒரு காய்ப்பு கிடையாது, ஓர் ஆணி கிடையாது.

வீட்டுக்காரரின் கதை வேறு. பெரிய ஹோட்டல் ஒன்றின் விருந்து மண்டபத்தில் பரிமாறுகிறவர்களுக்குத் தலைவர் அவர். அந்த வேலைக்குக் கேப்டன் என்று பெயர். கப்பலும் இல்லை, கடலும் இல்லை, ஆனாலும் தெருவே அவரைக் கேப்டன் என்றது, அவரும் அதற்கேற்ப நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். கறுப்புக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, முகம் பார்த்துத் தலை சீவலாம் போலப் பளபளக்கும் கறுப்பு ஷூ. அந்த ஷூ ஆறாம் நம்பர். ஆறு என்பதை ஏதோ ராஜ பரம்பரைப் பட்டம் மாதிரி சொல்லிக்கொள்வார். நடக்கிற வேலைக்காரனுக்குத்தான் கால் அகலும், நமக்கெல்லாம் ஆறைத் தாண்டாது என்பார். இருபது வயதில் ஆறாக இருந்த கால், முப்பது வருஷம் நின்று நின்று தட்டையாகி, நீண்டு, அகன்று போயிருந்ததை அவரிடம் யார் சொல்வது? தலை நரைக்கும், வயிறு சரியும், கால் மட்டும் அப்படியே இருக்கும் என்று நினைக்கிற ஆண்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. கேப்டன் அவர்களுக்கும் கேப்டன். சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது, உள்ளங்காலில் ஆணி இருந்தது. அதெல்லாம் உழைப்பின் அடையாளம் என்றார்.

பிள்ளைகள் இல்லாத வீடு அது. அதற்கான பழி யார் தலையில் விழுந்தது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

கேப்டனுக்குச் சர்க்கரை வந்து சில வருஷம் ஆகியிருந்தது. மாத்திரை போட்டார், விருந்தில் மீந்த இனிப்பையும் ஒரு கை பார்த்தார். ஒருநாள் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றி உதறியபோது உள்ளேயிருந்து சோடா பாட்டில் மூடி ஒன்று டக்கென்று தரையில் விழுந்தது. பல் பல்லாக இருக்குமே, அந்தத் தகர மூடி. காலையிலிருந்து அதை மிதித்துக்கொண்டுதான் மண்டபம் முழுக்க நடந்திருக்கிறார். உள்ளங்காலில் வட்டமாக அச்சுப் பதிந்திருந்தது. கேப்டன் விழுந்து விழுந்து சிரித்தார். என் கால் இரும்பு என்று பக்கத்து வீட்டு ஆளிடமும் போய்ச் சொன்னார். அக்கா மூடியைக் கையில் எடுத்து, அதன் பல்லை விரலால் தடவிப் பார்த்தாள். கடித்தால் பிள்ளை பொய் சொல்லும், அது அவளுக்குத் தெரியும். கடிப்பதே தெரியாத காலை அவள் அன்றுதான் பார்த்தாள்.

மறுநாளே லீவு சொல்லிவிட்டு அவரைக் கால் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா ஒரு மெல்லிய நரம்பு போன்ற குச்சியால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். கேப்டன் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தெரிகிறது என்றார். தொடாதபோதும் தெரிகிறது என்றார். டாக்டரம்மா குச்சியை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். உணர்ச்சி போன கால் இது, இனிமேல் காலை நம்பக் கூடாது, கண்ணைத்தான் நம்ப வேண்டும். தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். போடுவதற்கு முன் ஷூவுக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும். முதலில் இந்த ஷூவை மாற்ற வேண்டும், விரலுக்கு இடம் இருக்கிற, அகலமான, உள்ளே தையல் உறுத்தாத ஷூ வேண்டும். சின்ன உரசல் போதும், காலையே கொண்டு போய்விடும் என்றார்.

அக்கா அன்று சாயங்காலமே, கால் நன்றாக வீங்கி இருக்கிற நேரமாகப் பார்த்து, அவரைக் கடைக்கு வரவழைத்து நிற்க வைத்து அளந்தாள். ஏழரைக்கும் மேலே வந்தது. அகலம் வேறு. எட்டாம் நம்பர் அகல ரகம் எடுத்தாள். கறுப்பு, ஹோட்டலுக்கும் ஒத்துப்போகிற ரகம்தான். குதிகால் வழுக்காமல் கயிற்றைக் கட்டி, முன்னே அழுத்திப் பார்த்து, இரண்டு பக்கமும் கைவைத்துப் பார்த்து, எழுந்து நடக்கச் சொன்னாள். கேப்டன் கடைக்குள் இரண்டு நடை நடந்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அப்பன் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆடுகிற பையன் மாதிரி இருக்கிறது என்றார். போட்ட மாதிரியே இல்லை என்றார். அக்கா, போகப் போகப் பழகிவிடும் என்று சொல்லி, பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

பழகிவிட்டது போலத்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து, புது ஷூ தெருப் புழுதியில் வீணாகப் போகிறது, ஹோட்டல் அலமாரியிலேயே வைத்துவிட்டு வருகிறேன், வழிக்குப் பழைய செருப்பு போதும் என்றார். அக்காவுக்குச் சந்தோஷம். மனுஷன் ஷூவைப் பத்திரப்படுத்த ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தாள். பாதத்தைப் பார்க்கிற வேலைதான் நிலைக்கவில்லை. நாலு நாள் நீட்டினார், அதற்கப்புறம் இழுத்துக்கொண்டார். "தினம் தினம் காலைப் புடிக்காத. பாக்கறவங்க நீ என்ன தப்பு பண்ணேன்னு கேப்பாங்க" என்று சிரித்தார். காலுறையோடேயே படுத்துக்கொண்டார். அக்கா விட்டுவிட்டாள். வயசான மனுஷன், மானத்தோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். சாப்பாடு போடும்போது மட்டும் கேட்பாள்:

"ஷூ எப்படி இருக்கு? கடிக்கலையே?"

"சுகமா இருக்கு."

கேட்டாள், பாருங்கள். யாரிடமும் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டவள், கட்டினவரிடம் கேட்டாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது இதுதான்.

ஹோட்டலில் அடுத்தடுத்து விருந்துகள் நடந்த ஒரு வாரத்தின் கடைசியில், தட்டை ஏந்திக்கொண்டு நின்ற கேப்டன் நடுங்கி, நின்ற இடத்திலேயே சரிந்தார். காய்ச்சல் அனலாக அடித்தது. தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறையில் படுக்கவைத்து வலது ஷூவைக் கழற்றியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். காலுறை சுண்டுவிரலோடு ஒட்டிப்போயிருந்தது. இடது ஷூவையும் கழற்றி, இரண்டையும் அங்கேயே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

முதலில் சுண்டுவிரல் போயிற்று. பார்க்க வந்தவர்கள், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார்கள். அப்படிப் போகவில்லை. புண் உள்ளே ஓடியிருந்தது. பாதத்தில் பாதி போன பிறகுதான் காய்ச்சல் விட்டது. கேப்டன் பிழைத்துக்கொண்டார். வலது காலில் குதிகாலும் அதற்கு முன்னால் கொஞ்சமும் மிச்சம் இருந்தன.

நாத்தனார் வந்து சேர்ந்தாள். அழுதாள், அண்ணன் தலையைக் கோதினாள், பழச்சாறு பிழிந்து கொடுத்தாள். அழுது முடித்ததும் விசாரணையைத் தொடங்கினாள். யார் வாங்கிக் கொடுத்த ஷூ? எத்தனாம் நம்பர்? அண்ணனுக்கு என்றைக்கும் ஆறுதானே? விடை கிடைத்ததும் ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டு, வருகிற போகிற உறவுக்காரர்களிடம் எல்லாம் ஒரே கதையைச் சொன்னாள்.

"எட்டாம் நம்பரைக் கொண்டுவந்து மாட்டினா கால் உள்ள ஆடாம என்ன செய்யும்? உரசி உரசியே புண்ணாயிருக்கு. அண்ணிக்கு எல்லார் காலும் தன் கால் மாதிரின்னு நினைப்பு."

கட்டிலில் கிடந்த கேப்டனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. தேள் கொட்டின திருடன் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அக்கா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேச முடியவில்லை என்பதுதான் உண்மை, ஏனென்றால் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இறுகின ஷூ மட்டும்தான் புண்ணாக்கும் என்று இல்லை, தொளதொளவென்று இருப்பதும் உரசிக் கொல்லும். அது கடைக்காரிக்குத் தெரியாதா? அன்றைக்கு ஒரு அரை நம்பர் கூடப் போட்டுவிட்டோமோ? போட்ட மாதிரியே இல்லை என்று அந்த மனுஷன் வாய்விட்டுச் சொன்னாரே, நான் கேட்டேனா? வெந்த புண்ணில் நாத்தனார் வேலைப் பாய்ச்சினாள் என்றால், அதைப் பிடித்துத் திருகியது அக்காவேதான். என் கையால் என் புருஷன் காலை வெட்டிவிட்டேன் என்று அவள் நம்பத் தொடங்கினாள். கடைக்குப் போனால் கை ஓடவில்லை. ஒரு சின்னப் பெண்ணுக்கு மாட்டி, அழுத்தி, கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி அழுத்தி, அந்தப் பிள்ளையின் அம்மா பொறுமை இழந்து வேறு கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அக்கா ஒற்றை ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு முக்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மாதான் அந்த ஷூவைக் கொண்டுவரச் சொன்னார். புண் எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் மற்றக் காலையாவது காப்பாற்ற முடியும், இனி முழுப் பாரமும் அந்த இடது கால் மேல்தான் என்றார். அக்கா ஹோட்டலுக்குப் போனாள். முன்பக்கம் கண்ணாடியும் கம்பளமுமாக இருந்த கட்டடத்துக்குப் பின்பக்கம் வேறு முகம் இருந்தது. ஈரத் தரை, அடுக்கி வைத்த தட்டுகள், ஆணியில் தொங்கும் கறை படிந்த மேலங்கிகள், சுவரோரம் பெயர் ஒட்டிய இரும்பு அலமாரிகள். சாமான் அறைக்காரர் கேப்டனின் அலமாரியைத் திறந்துவிட்டு, நல்ல மனுஷர், அன்றைக்கு ஷூவை நான்தான் துடைத்து உள்ளே வைத்தேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஷூ பளபளவென்று இருந்தது. கையில் எடுத்ததுமே அக்காவின் கைக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் மனசு ஏற்கவில்லை. திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தாள். ஆறு. இன்னொன்றையும் திருப்பினாள். அதுவும் ஆறு. அதே கறுப்பு, அதே ரகம், ஆனால் அகலம் இல்லாதது. வலது ஷூவில் சுண்டுவிரல் பக்கம் தோல் புடைத்து நின்றது. உள்ளே விரலை விட்டாள். அந்த இடத்தில் துணி கிழிந்து, காய்ந்து, மொறமொறவென்று இருந்தது.

முதலில் வந்தது நிம்மதிதான். ஒளிப்பானேன்? நான் இல்லை, நான் இல்லை என்று அவள் நெஞ்சு குதித்தது. பாதிப் பாதம் போன மனுஷன் படுக்கையில் கிடக்க, இங்கே நின்று சந்தோஷப்படுகிறோமே என்று அடுத்த நிமிஷம் வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்குப் பின்னால்தான் கோபம் வந்தது. அது வந்த பிறகு மற்ற இரண்டுக்கும் இடம் இருக்கவில்லை.

வழியில் கடைக்குள் நுழைந்து, ஆண்கள் பிரிவில் விற்கிற, கடையே மொட்டை என்று கூப்பிடும் பையனிடம் ஷூவைக் காட்டினாள். மொட்டை தலையைத் தடவிக்கொண்டான். அவளுக்கு லீவு நாளில் அண்ணன் வந்தார், எட்டு காலில் நிற்கவே இல்லை என்றார், ஆறு கேட்டார், மாற்றிக் கொடுத்தேன் என்றான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அண்ணன் சொல்ல வேண்டாம் என்றார், புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் நான் எதற்கு மூக்கை நுழைப்பது என்று பயந்துவிட்டேன் என்றான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் நாத்தனார் இல்லாத நேரத்தில் அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து, பையிலிருந்து ஷூவை எடுத்து, அடிப்பாகம் தெரிய அவர் மார்புக்கு நேரே பிடித்தாள். கேப்டன் ரொம்ப நேரம் அந்த ஆறைப் பார்த்தார்.

"எட்டு போட்டா கால் இருக்கறதே தெரியல" என்றார் கடைசியில். "ஏதோ பஞ்சு மேல நிக்கிற மாதிரி. எங்க விழுந்துடுவேனோன்னு பயம். நடு மண்டபத்துல தட்டோட விழுந்தா என்ன ஆகும்? ஆறு போட்டா கொஞ்சம் புடிச்சுது. அப்படிப் புடிச்சாத்தான் எனக்குக் கால் இருக்குன்னே தெரிஞ்சுது."

அக்காவுக்கு அது புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முட்டாள்தனம் என்று திட்டித் தீர்த்திருக்கலாம். மரத்துப் போன கால் இறுக்கத்தைத் தேடும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, அக்காவுக்கும் தோன்றவில்லை. இருட்டில் சுவரைத் தடவுகிற மாதிரி இந்த மனுஷன் தன் காலைத் தேடியிருக்கிறார்.

"கால் இருக்கறது தெரியணும்னு போட்டீங்க" என்று ஆரம்பித்தவள், மீதியைச் சொல்லாமல் விழுங்கினாள். பிறகு கேட்டாள்: "உங்க தங்கச்சி நடையில நின்னு என்னை நார் நாரா கிழிச்சாளே. அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம் இல்ல?"

கேப்டன் கண்ணை மூடிக்கொண்டார். "எப்படி நிக்கணும், எப்படி நடக்கணும்னு மண்டபத்துல அத்தனை பேருக்கும் சொல்றவன் நான். தன் காலுக்குத் தானே கொள்ளி வச்சுக்கிட்டான்னு தெரிஞ்சா சிரிப்பாங்க. உன்னைச் சொன்னா... நீ தாங்கிக்குவ."

"நான் தாங்கிக்குவேன்."

"டாக்டர்கிட்ட சொல்லிக்கோ. அவகிட்ட மட்டும் வேணாம். உன் காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷர் அவள் காலைப் பற்றிச் சொன்னதெல்லாம் கேலிதான். பிடித்துக் கேட்டது அன்றைக்குத்தான். அவள் ஷூவைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு தூங்கினார்.

அவளும் சொல்லாமல்தான் இருந்திருப்பாள். மறுநாள் காலை டாக்டரம்மாவிடம் தனியாகக் காட்டி, நடந்ததைச் சொல்லிவிட்டு, ஷூவைப் பையில் திருப்பி வைத்துக்கொண்டு வார்டுக்கு வந்தாள். அங்கே நாத்தனார் தூரத்து உறவான ஒரு பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று கதையை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருந்தாள். எட்டாம் நம்பர், ஆடின கால், உரசின தோல். சொல்லச் சொல்லக் கதைக்குக் கையும் காலும் முளைத்திருந்தன. இப்போது அதில் அண்ணன் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியதாகவும், அண்ணி வலுக்கட்டாயமாக மாட்டிவிட்டதாகவும் இருந்தது. பெரியம்மா அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அவள் செருப்பைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைதான் தாங்கவில்லை. அக்கா பையைத் திறந்தாள். வலது ஷூவை எடுத்துக் கட்டிலின் வெள்ளைத் துணி மேலே, அடி மேலாகக் கவிழ்த்து வைத்தாள்.

"படிச்சுப் பாரு. என்ன நம்பர் போட்டிருக்குன்னு."

நாத்தனார் பார்த்தாள். அக்கா குரலை உயர்த்தாமல், ஒன்று விடாமல் சொன்னாள். எட்டு வாங்கியது, தனக்குத் தெரியாமல் அவர் போய் ஆறாக மாற்றியது, ஹோட்டலிலேயே ஒளித்து வைத்தது, கேட்டபோதெல்லாம் சுகமா இருக்கு என்றது. இத்தனை நாள் சுமந்ததை இறக்கிவைத்துவிட்டோம், இனி யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

நாத்தனார் ஷூவைக் கையில் எடுத்தாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். அண்ணனைப் பார்த்தாள். பிறகு ஷூவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"அப்ப நீங்க பாத்திருக்கணும் இல்ல அண்ணி? ஊர்ப் பிள்ளைங்க ஷூவையெல்லாம் அமுக்கி அமுக்கிப் பாக்கறீங்க. கட்டின புருஷன் என்ன போட்டிருக்கார்னு ஒரு நாள் குனிஞ்சு பாக்க முடியலையா?"

பெரியம்மா தலையாட்டினாள். அக்கா கேப்டனைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவள் தினமும் பார்க்கத்தான் வந்தாள், நான்தான் காலை இழுத்துக்கொண்டேன் என்று ஒரு வார்த்தை. நேற்றுக் கண்ணை மூடிக்கொண்டு கெஞ்சின மனுஷர்தானே. கேப்டன் தங்கையைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், கவிழ்ந்து கிடந்த ஷூவைப் பார்த்தார்.

"அதானே" என்றார்.

பொய் இருந்தபோது பழி அவள் மேல் இருந்தது. உண்மை வந்தது, பழி நகர்ந்துகூட உட்காரவில்லை. இந்தக் குடும்பத்தில் அது குந்துவதற்கு வேறு இடமே இல்லை என்று அவளுக்கு அந்த ஒரு சொல்லில் விளங்கிவிட்டது. ஒரு குழந்தையின் பொய்யை அவள் விரல் கண்டுபிடித்துவிடும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு ஆயுசு ஆகியிருந்தது.

கட்டு மாற்ற நர்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கூட இருப்பவர் யாரோ ஒருவர் மட்டும் இருந்து காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் வெளியே போகலாம் என்றாள். ரத்தம் பார்த்தால் தனக்கு மயக்கம் வரும் என்று நாத்தனார் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். அக்கா கால்மாட்டில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருடைய கணுக்காலை இரண்டு கையாலும் ஏந்தினாள். நர்ஸ் பழைய கட்டைப் பிரித்து, கழுவி, மருந்து வைத்து, புதுத் துணியைச் சுற்றினாள். கேப்டன் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வெட்டின நாளிலிருந்தே பார்த்ததில்லை, கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். எல்லாம் முடிந்தது, கொஞ்ச நேரம் ஆடாமல் இருக்கட்டும் என்று தலையணையில் காலை வைத்துவிட்டு, நர்ஸ் வண்டியோடு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அக்கா கையை எடுத்து, துடைத்து, மடியில் வைத்துக்கொண்டாள். முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"புடிச்சிருக்கியா?" என்று கேட்டார் கேப்டன், கண்ணைத் திறக்காமலே. "ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

மடியில் கிடந்த தன் கைகளை அக்கா பார்த்தாள்.

"புடிச்சிருக்கேன்" என்றாள்.

"விட்டுடாத."

"ம்" என்றாள்.